ரோபோக்கள் சண்டை போட்டுக்கிட்டே இருக்கிற உலகத்துல ஓவியனுக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான். ஒருத்தர் சயின்ஸ் ஃபிக்‌ஷன் கதை எழுதிட்டு இருக்கார், அதுல மனுஷங்களே கிடையாது, ரோபோக்கள் மட்டும்தான், ரெண்டு கட்சியா பிரிஞ்சு பல நூறு வருஷமா சண்டை நடக்குது. அந்த உலகத்துல கலைஞர்கள்னு ஒரு கூட்டத்தை வைக்க ஆசைப்படுறார், ஆனா "சண்டைக்காகவே செஞ்ச மெஷினுக்கு எதுக்கு ஓவியம், லாஜிக் இடிக்குமே"ன்னு நண்பர்கள் சொல்றாங்களாம். கலைஞர்களை எங்க வைக்கலாம், என்ன வேலை கொடுக்கலாம்னு கேட்டிருக்கார்.

நான் பிள்ளைங்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவன். போர்க்காலத்துல ஓவியர்கள் என்ன பண்ணாங்கன்னு தேடித் தேடிப் படிக்கிறது ரொம்ப வருஷத்துப் பழக்கம், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

லாஜிக் ஒண்ணும் இடிக்காது. நிஜப் போர்லயே ஓவியர்கள் ஓரமா நின்னு பாட்டுப் பாடிட்டு இருந்தவங்க இல்ல. போர்னாலே பாதி வேலை எதிரியைப் பார்க்கிறதும் எதிரி நம்மளைப் பார்க்க விடாம பண்றதும்தான், கண்ணு எப்படிப் பார்க்குது, எங்க ஏமாறுதுன்னு ஆயுசு பூரா பழகினவங்க ஓவியர்கள் மட்டும்தான். ரோபோ உலகத்துல இது இன்னும் கூர்மையாகும், ஏன்னா அங்க கண்ணும் ஆயுதமும் ஒரே உடம்புல இருக்கு.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். "ரோபோ"ங்கிற சொல்லையே நமக்குக் கொடுத்தது ஒரு ஓவியர்தான். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920ல ஒரு நாடகம் எழுதினார், 1921 ஜனவரியில மேடையேறுச்சு. ஃபேக்டரியில செயற்கையா உற்பத்தி பண்ற தொழிலாளிங்க, அவங்களுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு புரியாம அண்ணன்கிட்ட போயிருக்கார். அண்ணன் யோசெஃப் சாப்பெக் ஓவியர், அந்த நேரம் வரையுற ஸ்டாண்ட் முன்னாடி நின்னு வரைஞ்சிட்டு இருந்தார். "லாபோரின்னு வைக்கலாமான்னு பார்த்தேன், ஆனா ரொம்ப ஏட்டுத்தனமா இருக்கு"ன்னு தம்பி சொல்ல, அண்ணன் பிரஷ்ஷை வாயில கவ்விக்கிட்டே, ரோபோட்னு வச்சிடேன்னு முணுமுணுத்துட்டு திரும்ப வரைய ஆரம்பிச்சிட்டாராம். தம்பியே 1933ல பத்திரிகையில எழுதின விஷயம் இது. செக் மொழியில "ரோபோட்டா"ன்னா பண்ணையாருக்குக் கூலியில்லாம செஞ்சு கொடுக்க வேண்டிய கட்டாய உழைப்பு. நாம "வெட்டி வேலை"ன்னு சொல்றோமே, அந்த வெட்டிக்கும் பழைய அர்த்தம் இதேதான், சோழர் கல்வெட்டுல எல்லாம் வெட்டின்னா கூலியில்லாத கட்டாய உழைப்பு. ரோபோங்கிற சொல்லை நேரா தமிழ்ல கொண்டுவரணும்னா வெட்டியாள்னுதான் சொல்லணும்.

அந்த நாடகத்துலயே ரோபோக்களுக்கு ஆயுதம் கொடுத்து சிப்பாயாக்கிடுறாங்க, கடைசியில அவங்க திரும்பி மனுஷ இனத்தையே அழிச்சிடுறாங்க, ஒரே ஒருத்தரை மட்டும் விட்டு வைக்கிறாங்க. அவர் யாரு, ஏன் விட்டாங்கங்கிறதுல உங்க கேள்விக்கு ஒரு பதில் இருக்கு, கடைசியில வர்றேன்.

இப்ப ஓவியர்கள் போர்ல பண்ண வேலையைப் பார்ப்போம். முதல் உலகப்போர்ல, 1915ல, பிரெஞ்சு ராணுவம் ஓவியர்களை வச்சே ஒரு மறைப்புப் பிரிவு ஆரம்பிச்சது, கிராண் த ஸ்கேவோலாங்கிற ஓவியர்தான் தலைமை, யூனிஃபார்ம்ல பச்சோந்தி சின்னம். பிரிட்டிஷ்காரங்களும் அதைப் பார்த்து சாலமன் ஜே. சாலமன்கிற ஓவியரை அனுப்பினாங்க. இவங்க பண்ண வேலைகள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது பொய் மரம். ரெண்டு பக்கமும் பதுங்குகுழி, நடுவுல யாருக்கும் சொந்தமில்லாத நிலம், அங்க குண்டு விழுந்து கிளை எல்லாம் போய் மொட்டையா கருகி நிக்கிற மரம் ஒண்ணு இருக்கும். ஓவியர் ஊர்ந்து போய் அந்த மரத்தை அப்படியே வரைஞ்சு அளவெடுத்துட்டு வருவார், எந்தப் பக்கம் பட்டை உரிஞ்சிருக்கு, எங்க ஓட்டை விழுந்திருக்குன்னு ஒண்ணு விடாம. பின்னாடி இருக்கிற பட்டறையில அதே மாதிரி இரும்புல மரம் செய்வாங்க, உள்ளே கூடு, ஒரு ஆள் ஏறி உட்கார ஏணி, மேலே பட்டை மாதிரி பூச்சு. ஒரு ராத்திரி பீரங்கியை விடாம முழங்க விட்டு, அந்தச் சத்தத்துல நிஜ மரத்தை வெட்டிச் சாய்ச்சு அதே குழியில பொய் மரத்தை நட்டுடுவாங்க. காலையில எதிரி எழுந்து பார்த்தா நேத்து பார்த்த அதே மரம்தான் நிக்குது, ஆனா இப்ப அந்த மரம் அவனைப் பார்த்துக்கிட்டு இருக்கு.

இதுல ஓவியரோட திறமை எங்கன்னா, எதிரியோட ஞாபகத்துல அந்த மரம் எப்படி இருக்குன்னு கணிக்கிறதுல. மரத்தை மட்டும் வரைஞ்சா பத்தாது.

இதுக்கு நேர் எதிரான வேலை 1917ல வருது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டிஷ் கப்பல்களை வரிசையா மூழ்கடிச்சிட்டு இருந்த நேரம். நடுக்கடல்ல கப்பலை ஒளிச்சு வைக்க முடியாது, வானம் நிமிஷத்துக்கு ஒரு நிறம் மாறும், புகைக்கூண்டு வேற காட்டிக்கொடுத்துடும். கடலையே வரைஞ்சு பழகின ஓவியர் நார்மன் வில்கின்சன் என்ன சொன்னார்னா, மறைக்கவே வேணாம், குழப்பி விடுவோம். டார்பிடோவைக் கப்பலைப் பார்த்து விட மாட்டாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு கப்பல் எங்க இருக்குமோ அந்த இடத்துக்கு விடுவாங்க, அதுக்கு கப்பல் எந்தத் திசையில எவ்வளவு வேகத்துல போகுதுன்னு பெரிஸ்கோப்ல பார்த்த சில நொடியில கணிக்கணும். அந்தக் கணிப்பு சில டிகிரி தப்பினாலே போதும், டார்பிடோ வெறும் தண்ணியில போயிடும். அதனால கப்பல் மேல வரிக்குதிரை மாதிரி கறுப்பு வெள்ளை நீலப் பட்டைகள், உடைஞ்ச கோடுகள், முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னே தெரியாத மாதிரி வடிவங்கள். லண்டன் ராயல் அகாடமி கட்டிடத்துலயே இதுக்கு ஸ்டூடியோ போட்டாங்க, சின்னச் சின்ன மரக் கப்பல் மாடல் செஞ்சு, வர்ணம் அடிச்சு, சுத்துற பலகை மேல வச்சு பெரிஸ்கோப் வழியா பார்த்து, ஏமாறுதான்னு சோதிச்சுத்தான் நிஜக் கப்பலுக்கு அனுப்பினாங்க. அந்த மாடல்களுக்கு வர்ணம் அடிச்சவங்கள்ல நிறைய பேர் ஓவியம் படிச்ச பெண்கள். பிரிட்டன்ல மட்டும் ரெண்டாயிரத்துக்கு மேல கப்பல்களுக்கு இப்படி அடிச்சாங்க. பலன் எவ்வளவுன்னு கறாரா நிரூபிக்க முடியல, ஏன்னா அதே வருஷம்தான் கப்பல்களைக் கூட்டமா காவலோட அனுப்புற முறையும் வந்துடுச்சு, எது காப்பாத்துச்சுன்னு பிரிச்சுப் பார்க்க வழியில்ல.

இதை நான் பசங்களோட செஞ்சு பார்த்திருக்கேன். ஒரு முழ நீளத்துல அட்டைக் கப்பல், பி.வி.சி. பைப்ல ரெண்டு கண்ணாடி சாய்ச்சு ஒட்டி பெரிஸ்கோப். சாம்பல் நிறக் கப்பலை வச்சு திருப்பித் திருப்பிக் காட்டினா எந்தப் பக்கம் போகுதுன்னு எல்லாரும் டக்குனு சொல்லிட்டாங்க. ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு கப்பலோட பின்பக்கத்துல பொய்யா ஒரு மூக்கு வரைஞ்சு, நிஜ மூக்கை வெள்ளைப் பட்டையால நடுவுல வெட்டி விட்டா. அதைக் காட்டினதும் வகுப்பு ரெண்டா பிரிஞ்சிடுச்சு, பாதி பேர் இடதுன்னு கத்துறாங்க, பாதி பேர் வலதுன்னு. வரைஞ்சவளே பெரிஸ்கோப்ல பார்த்துட்டு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் சொன்னா. அந்த ஒரு நிமிஷம் எனக்கு மறக்கவே மாட்டேங்குது, ஏன்னு கீழ சொல்றேன்.

இப்ப மனுஷக் கண்ணை விட்டு மெஷின் கண்ணுக்கு வருவோம், உங்க கதை நடக்கிற இடம் அதுதானே. 2017ல எம்.ஐ.டி. மாணவர்கள் சிலர் த்ரீடி பிரிண்டர்ல ஒரு ஆமை பொம்மை செஞ்சாங்க. நம்ம கண்ணுக்கு அது ஆமைதான், ஓட்டுல மட்டும் கொஞ்சம் விசித்திரமான கறை மாதிரி நிறங்கள். படத்தைப் பார்த்து பொருளை அடையாளம் சொல்ற ஏஐக்குக் காட்டினா, அநேகமா எந்தக் கோணத்துல திருப்பினாலும் அது துப்பாக்கின்னு சொல்லுச்சு. சின்னக் குழந்தை சொல்லிடும் ஆமைன்னு, மெஷினுக்கு அது ரைஃபிள். அதுக்கு முன்னாடியே 2010ல ஆடம் ஹார்விங்கிற கலைஞர் அந்தப் பழைய கப்பல் வர்ணத்துக்கு இருந்த "டாஸில்"ங்கிற பேரையே எடுத்து, முகத்துல பூசுற வர்ணம், நெத்தியில விழுற முடி இதை வச்சே அன்னிக்கு இருந்த முகம் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேரை ஏமாத்திக் காட்டினார். உக்ரைன் போர்ல 2023ல ரஷ்யாவோட பெரிய குண்டுவீச்சு விமானங்க றெக்கை மேல வரிசையா கார் டயரை அடுக்கி வச்சிருந்த சாட்டிலைட் படம் வந்துச்சு, எல்லாரும் சிரிச்சாங்க. படத்தோட ஒப்பிட்டு இலக்கைத் தேடுற ஏவுகணையைக் குழப்புறதுக்காக இருக்கும்னு அமெரிக்க ராணுவத் தொழில்நுட்ப அதிகாரி ஒருத்தர் 2024ல விளக்கினப்புறம் சிரிப்பு குறைஞ்சிடுச்சு. செக் நாட்டுல, அந்த ரோபோங்கிற சொல் பிறந்த அதே நாட்டுல, காத்தடிச்சா நிஜ டாங்க் மாதிரி நிக்கிற பொம்மையைச் செய்யற கம்பெனி இருக்கு, வெறும் உருவம் மட்டும் இல்ல, சூடு பார்க்கிற கேமராவுக்கும் ரேடாருக்கும் நிஜம் மாதிரி தெரியற அளவுக்கு செய்யறாங்க.

இதை வச்சு உங்க உலகத்தை யோசிங்க. ரோபோ சிப்பாய் எதையும் நேராப் பார்க்கிறதில்ல, சென்சார்ல வர்றதை அடையாளம் கண்டுதான் சுடுது, அந்த அடையாளம் காணுற இடத்துல கை வைக்கத் தெரிஞ்ச ஆள்தான் அங்க ஓவியர். அப்ப அவர் ஆயுதம் செய்யறவரை விட முக்கியமான ஆள். ஆனா இங்கதான் ஒரு சிக்கல் வருது, உங்க கதைக்கு முதுகெலும்பா இதை வைக்கலாம்னு தோணுது. ரெண்டு கட்சி ரோபோக்களும் ஒரே ஃபேக்டரியில பிறந்து பிரிஞ்சவங்கன்னா அவங்க கண்ணும் ஒரே கண்ணுதான். எதிரியை ஏமாத்துற வர்ணம் சொந்தக்காரனையும் ஏமாத்தும். ஆமையைத் துப்பாக்கின்னு பார்க்கிற கண்ணு ரெண்டு பக்கமும் இருக்கு. அப்ப அந்த ஓவியரை சொந்தக் கட்சியே சந்தேகமாத்தான் பார்க்கும், காவல் போட்டுத்தான் வச்சிருக்கும், ஏன்னா அவர் நினைச்சா ஒரே ராத்திரியில நம்ம ஆளுங்களை நம்ம ஆளுங்களே சுட்டுக்க வைக்க முடியும்.

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. அந்த ஓவியரும் ரோபோதானே, அவர் கண்ணும் அதே கண்ணு. அவர் வேலை சரியா முடிஞ்ச அந்த நொடியிலிருந்து தான் வரைஞ்சதை அவராலயே பார்க்க முடியாது. பீரங்கி மேல வர்ணம் அடிச்சுட்டே வர்றார், கடைசிக் கோடு போட்டதும் பீரங்கி காணோம், கண்ணுக்கு முன்னாடி ஒரு பாறைதான் இருக்கு. கையால தடவிப் பார்த்தாத்தான் அது அங்க இருக்குன்னு தெரியும். அந்த ஏழாவது படிக்கிற பொண்ணு ஒரு நிமிஷம் நின்னாளே, அதைத்தான் சொல்றேன். வேலை சரியா வந்துச்சான்னு சொல்ல பழைய மாடல் ரோபோ ஒண்ணு வேணும், கண்ணு மங்கினது, அப்டேட் பண்ணாதது, சண்டைக்கு லாயக்கில்லைன்னு ஒதுக்கினது. அது மட்டும்தான் "இங்க ஒரு பீரங்கி இருக்கு, அழகா இருக்கு"ன்னு சொல்ல முடியும். ஓவியருக்கும் அந்தக் கிழட்டு ரோபோவுக்கும் நடுவுல இருக்கிற உறவு ஒண்ணே ஒரு முழு அத்தியாயத்துக்குத் தாங்கும்.

நாடகக்காரங்க, சத்தம் பண்றவங்க, தையல்காரங்க இவங்களுக்கும் இடம் இருக்கு. ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க ராணுவம் சுமார் 1,100 பேரை வச்சு ஒரு பொய்ப் படை நடத்துச்சு. ரப்பர் டாங்கு, ஸ்பீக்கர்ல டாங்கு ஓடுற சத்தம், பொய் வயர்லெஸ், சட்டையில வேற படையோட பேட்ஜ். பின்னாடி பெரிய ஓவியரான எல்ஸ்வர்த் கெல்லி அதுல இருந்தார், ஃபேஷன் டிசைனர் பில் பிளாஸ் இருந்தார். 1945 மார்ச்ல ரைன் ஆறு கிட்ட ரெண்டு முழு டிவிஷன் மாதிரி நடிச்சு ஜெர்மன்காரங்க கவனத்தைத் திருப்பினாங்க. 1996 வரைக்கும் இதெல்லாம் ரகசியம். நாலு சிப்பாய்ங்க சேர்ந்து ஒரு டாங்கைத் தூக்கி நகர்த்துறதை சைக்கிள்ல வந்த ரெண்டு பிரெஞ்சுக்காரங்க பார்த்து வாயடைச்சு நிக்க, காவலுக்கு இருந்தவர், அமெரிக்கர்கள் ரொம்ப பலசாலிங்கன்னு சொல்லி சமாளிச்சாராம்.

சரி, ரோபோவால கலைஞன் ஆக முடியுமாங்கிற கேள்வியில நான் ரொம்ப நேரம் நிக்க மாட்டேன். வெனிஸ் பியன்னாலேங்கிற உலகக் கலைக் கண்காட்சியில பிரிட்டனுக்காகக் கலந்துக்கிட்ட ஓவியர் ஹெரால்ட் கோஹென் 1970கள் தொடக்கத்துல "ஆரன்"னு ஒரு புரோகிராம் எழுத ஆரம்பிச்சு 2016ல சாகுற வரைக்கும் அதைத் திருத்திட்டே இருந்தார். 1995ல பாஸ்டன் கம்ப்யூட்டர் மியூசியத்துல அது தானா படம் வரைஞ்சு, தானா நிறம் கலந்து, வேலை முடிஞ்சதும் கிண்ணத்தையும் தானே கழுவி வச்சுது. கிண்ணம் கழுவுறது எனக்குப் பெரிய விஷயமாத் தெரியும், என் வகுப்புல பாதி பேர் அதைச் செய்ய மாட்டாங்க. வரையுற திறமை மெஷினுக்கு வரும், அதுல சந்தேகம் வேணாம். யாரும் கேட்காமலேயே அது எதுக்காக வரையும்ங்கிறதுதான் உங்க கதை பதில் சொல்ல வேண்டிய இடம், என்னைக் கேட்டா அந்தக் காரணம் சாவுதான்.

சாவுன்னு ஏன் சொல்றேன்னா, மெஷின் சாகுறதைப் பார்த்து மனுஷனே தாங்க மாட்டான். கண்ணிவெடியை மிதிச்சே வெடிக்க வைக்கிறதுக்காக மார்க் டில்டன்கிற ரோபோ நிபுணர் அஞ்சடி நீளத்துல குச்சிப்பூச்சி மாதிரி நிறைய கால் வச்சு ஒரு ரோபோ செஞ்சார். அமெரிக்காவுல யூமா பாலைவனத்துல சோதனை. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு கால் போகும், மிச்சக் காலை வச்சு எழுந்து அடுத்ததைத் தேடிப் போகும். நல்லா வேலை செய்யுதுன்னு டில்டனுக்கு சந்தோஷம். கடைசியில ஒரே ஒரு காலை வச்சுக்கிட்டு கருகின உடம்பை இழுத்துக்கிட்டு ஊர்ந்து போறதைப் பார்த்து அங்க பொறுப்புல இருந்த கர்னல் சோதனையை நிறுத்தச் சொல்லிட்டார். ஏன்னு கேட்டா இது மனிதாபிமானம் இல்லாத சோதனைன்னு சொன்னார். 2007ல வாஷிங்டன் போஸ்ட்ல வந்த செய்தி இது. வெடிகுண்டு எடுக்கிற ரோபோக்களுக்கு அமெரிக்க வீரர்கள் பேர் வைக்கிறது, பேரை உடம்புல எழுதி வைக்கிறது, அது அழிஞ்சா துக்கப்படுறது, இதெல்லாம் ஆராய்ச்சியிலயே பதிவாகியிருக்கு. சான் ஃபிரான்சிஸ்கோவுல மார்க் பாலின் 1978ல ஆரம்பிச்ச சர்வைவல் ரிசர்ச் லேபரட்டரீஸ்னு ஒரு குழு இருக்கு, பழைய ஃபேக்டரி மெஷின்களை வச்சு தீ கக்குற ராட்சசங்களைச் செஞ்சு ஒண்ணோட ஒண்ணு மோத விட்டு அதையே மேடை நிகழ்ச்சியா காட்டுறாங்க, நடிக்க மனுஷங்களே கிடையாது. 1982ல ராக்கெட் மோட்டார் ஒண்ணு வெடிச்சு பாலினுக்கு வலது கையில விரல்கள் போச்சு, அப்புறமும் அவர் நிறுத்தல. ரோபோ போரையே கலையா காட்டினவங்கள்ல இவங்களை விட நெருக்கமா யாரும் எனக்குத் தெரியல, உங்க உலகத்துல சந்தை நாள்ல நடக்கிற கூத்து எப்படி இருக்கும்னு யோசிக்க இவங்க வேலையைப் பாருங்க.

ரோபோ எதுக்கு அழணும், பேக்கப் இருக்குமேன்னு உங்க நண்பர்கள் கேட்பாங்க. இருக்கட்டும். நேத்து ராத்திரி பேக்கப் எடுத்தாச்சு, இன்னிக்குக் காலையில சண்டைக்குப் போய் மத்தியானம் உடைஞ்சு போச்சு, அந்த பேக்கப்பைப் புது உடம்புல ஏத்தி எழுப்பிட்டீங்க. எழுந்தவனுக்கு நேத்து வரைக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கு, இன்னிக்குக் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் அவன் யாரா இருந்தான்னு மட்டும் தெரியாது. அந்த ஆறு மணி நேரத்துல அவன் யாரைக் காப்பாத்தினான், யாரை விட்டுட்டு ஓடினான், யார்கிட்ட என்ன சொன்னான், எதுவும் அவன்கிட்ட இல்ல. செத்தது அந்த ஆறு மணி நேரம்தான். பக்கத்துல நின்னவன் ஒருத்தன் அதைப் பார்த்திருப்பான். அதை எழுந்தவன்கிட்ட சொல்றதுக்குன்னு ஒரு ஆள், பாடியோ செதுக்கியோ, அதுக்குப் பேர் கலைஞன். நூறு தடவை எழுப்பின சிப்பாய்க்கு அப்படி நூறு காணாமப்போன மத்தியானங்கள் இருக்கும், அதுல சிலது அவன் கேட்கவே விரும்பாததா இருக்கும்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஜெர்மன் கலைஞர் கேட்டே கோல்விட்ஸ் ஞாபகம்தான் வரும். 1914ல அவங்க சின்னப் பையன் பீட்டருக்கு 18 வயசு, பட்டாளத்துக்குப் போக அப்பா ஒத்துக்கல, அம்மாதான் பேசி சம்மதிக்க வச்சாங்க. அக்டோபர்ல பெல்ஜியத்துல பையன் செத்துட்டான். அவனுக்கு ஒரு நினைவுச் சிலை செய்யணும்னு அந்த வருஷமே ஆரம்பிச்சாங்க, முதல்ல பையனோட உடம்பு படுத்திருக்கிற மாதிரி, வரலை, 1919ல கைவிட்டுட்டாங்க, பல வருஷம் கழிச்சு திரும்ப எடுத்தாங்க, 1932லதான் கல்லறைத் தோட்டத்துல கொண்டுபோய் வச்சாங்க. கடைசியில அந்தச் சிலையில பையன் இல்ல. அப்பாவும் அம்மாவும் தனித்தனியா மண்டி போட்டிருக்காங்க, அப்பா கையைக் கட்டிக்கிட்டு நேரா வெறிச்சுப் பார்க்கிறார், அம்மா குனிஞ்சிருக்காங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல வெறும் இடம். முகம் கோல்விட்ஸும் அவங்க கணவரும்தான். இன்னிக்கு அது பெல்ஜியத்துல ஃப்ளாட்ஸ்லோங்கிற ஊர்ல இருக்கு. அந்தப் பதினெட்டு வருஷத்துல அவங்களுக்குத் தெரிஞ்சது பையனை எடுத்துடணும்னு. உங்க ரோபோவுக்கு அம்மா அப்பா கிடையாது, நடுவுல இருக்கிற அந்த வெறும் இடம் மட்டும் உண்டு, அதுக்கு ரெண்டு பக்கமும் யாரை மண்டி போட வைக்கப் போறீங்கன்னு யோசிங்க.

இன்னொண்ணு, போர் நடத்துற கட்சி கலைஞனைச் சாக விடுமா, காப்பாத்துமா? 1939ல பிரிட்டன்ல போர் ஓவியர்களுக்குன்னு ஒரு கமிட்டி போட்டாங்க, கென்னத் கிளார்க்தான் தலைவர். போரைப் பதிவு பண்ணணும்கிறது வெளியில சொன்ன காரணம், நல்ல ஓவியர்கள் செத்துடக்கூடாதுங்கிறது கிளார்க் மனசுக்குள்ள வச்சிருந்த காரணம். அப்படியும் மூணு பேர் போனாங்க. அவங்கள்ல ஒருத்தரான எரிக் ரவிலியஸ் 1942 செப்டம்பர்ல ஐஸ்லாந்துல, காணாமப்போன ஒரு விமானத்தைத் தேடப் போன விமானத்துல தானும் ஏறினார், அந்த விமானமும் திரும்பல.

இப்ப அந்த நாடகத்துல விட்டு வச்ச ஒரே மனுஷன். அவர் பேர் அல்க்விஸ்ட், கட்டிட வேலை பார்க்கிறவர். விஞ்ஞானி, மேனேஜர், முதலாளி எல்லாரையும் கொன்ன ரோபோக்கள் இவரை மட்டும் விடுறதுக்குச் சொல்ற காரணம், இவர் எங்களை மாதிரி கையால வேலை செய்யறார்ங்கிறதுதான். உங்க ரோபோ உலகத்துக்கும் அந்த நியாயம் பொருந்தும். தலைவர்கள் மாறுவாங்க, கட்சி மாறும், எந்தப் பக்கம் ஜெயிச்சாலும் பிடிபட்ட ஓவியரோட கையைப் பார்த்துட்டு இது நமக்குத் தேவைப்படும்னு உயிரோட வச்சிருப்பாங்க.

அது எப்பேர்ப்பட்ட வாழ்க்கைன்னு அந்தச் சொல்லைக் கொடுத்தவரே அனுபவிச்சார். யோசெஃப் சாப்பெக் 1937ல சர்வாதிகாரிகளோட பூட்ஸைப் பத்தித் தொடரா கார்ட்டூன் வரைஞ்சவர், அதுல பூட்ஸே தானா நடக்கும், மிதிக்கும். 1939 செப்டம்பர் 1, போர் ஆரம்பிச்ச அன்னிக்கே நாஜிகள் அவரைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. முதல்ல டாஹாவ் வதை முகாம், அப்புறம் புக்கன்வால்ட் முகாம். அங்க கைதிகளை வச்சு ஒரு வர்ணப் பட்டறை நடத்தினாங்க, எஸ்.எஸ்.ங்கிற நாஜிப் படையோட அதிகாரிங்களுக்கு அவங்க வம்ச மரம், குலச் சின்னம் எல்லாம் அழகா வரைஞ்சு எழுதிக் கொடுக்கணும், அந்த வேலையில யோசெஃப் இருந்தார். கூலியில்லாத கட்டாய உழைப்பு, அவர் வாயிலேர்ந்து வந்த அதே சொல்லு. அப்புறம் சாக்சன்ஹவுசன் முகாம், அங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு கவிதை எழுதினார், அது வெளிய வந்து பிழைச்சிடுச்சு. கடைசியா பெர்கன்-பெல்சன், 1945 ஏப்ரல்ல அங்கயே செத்துட்டார், எந்தத் தேதின்னுகூடத் தெரியாது, அந்த மாசம் 15ஆம் தேதி முகாமுக்கு விடுதலை கிடைச்சுது. உடம்பு கிடைக்கல.

பிராக் நகரத்துல விஷெஹ்ராட் கல்லறைத் தோட்டத்துல தம்பி காரெலோட சமாதி இருக்கு. அது பக்கத்துலயே அண்ணனுக்கும் ஒரு வாசகம் செதுக்கி வச்சிருக்காங்க, ஓவியரும் கவிஞருமான யோசெஃப் சாப்பெக் இங்க புதைக்கப்பட்டிருக்க வேண்டியவர், கல்லறை தொலைதூரத்துலன்னு. உங்க கதையில சண்டையில உடைஞ்சு பேக்கப்பும் இல்லாமப்போன அந்த முதல் ஓவியர் ரோபோவுக்கு ஒரு கல்லு வைக்கிற காட்சி எழுதும்போது, கீழ எதையும் புதைக்காதீங்க.